மின்விசைச் சக்கர நாற்காலி

இரண்டாம் உலகப் போர் 1945 ஆம் ஆண்டில் ஓய்ந்தபின், கனடா நாட்டிற்குத் திரும்பிய வீரர்களுள் சிலர் முதுகுத்தண்டில் காயமுற்றுக் கைகால்கள் செயலிழந்தவராய் இருந்தனர். முன்னாளில் இத்தகையோர் நெடுங்காலம் பிழைத்திருத்தல் அரிது. பெனிசிலின் முதலிய புது மருந்துகள் அவர்தம் உயிரைக் காத்தன. காத்த உயிர் கட்டிலிலேயே கிடப்பதோ? சக்கரத்தைக் கையால் உருட்டிச் செல்லும் நாற்காலி, கையே இயங்காதவர்க்கு யாது பயன் தரும்? இக்குறையைத் தீர்க்க முனைந்தார், அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிளைன் என்னும் பொறியியலறிஞர். அவர் ஆக்கிய மின்விசைச் சக்கர நாற்காலியைச் சிறிதளவே அசையும் கையும் ஒரு சிறு கோலைத் திருப்பிச் செலுத்த முடிந்தது.

இந்நாற்காலி தரும் பேறு விரைவு அன்று. பிறர் கையை எதிர்பாராமையே ஆகும். அமெரிக்கரான எட் ராபர்ட்ஸ் 14 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்திற்குக் கீழே உடல் செயலிழந்தவர். 1962 ஆம் ஆண்டில் அவர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாற்காலியைத் தள்ளுபவர் எப்போதும் உடனிருந்தமையால், தாம் விரும்பிய பெண்ணுடன் தனித்து உரையாடவும் அவருக்கு இயலவில்லை. மின்விசை நாற்காலியைச் செலுத்தப் பழகிய பின்னரே அத்தடை நீங்கிற்று. நடப்பவர்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம்!

குறைகளும் உள. கையால் உருட்டும் நாற்காலியை மடித்து மோட்டார் வண்டியில் ஏற்றிவிடலாம். மின்விசை நாற்காலிகளுள்ளோ, மோட்டாரும் மின்கலமும் சேர 100 கிலோவைத் தாண்டுவனவும் உண்டு. விலையும் பன்மடங்கு மிகுதி. மின்கலம் நடுவழியில் ஓய்ந்தால் அமர்ந்தவரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கைவலி உள்ளவர் இதனை நாடின், அன்றாட உடற்பயிற்சியை இழப்பர். ஆயினும் பல்லாண்டுகள் சக்கரத்தை உருட்டினால் தோள்மூட்டு தேய்தலும் உண்மையே. ஆதலின், தோளின் நிலையை மருத்துவர் ஆராய்ந்து கூறிய பின்னரே எதனையும் தேர்தல் நன்று. கைவலி அறவே அற்றவர்க்கு விலையைக் காட்டி இதனை மறுத்தலோ கொடிது.

இரண்டு படிகளையும் ஏற மாட்டாது என்று இதனைப் பழிப்பாரும் உளர். அது நாற்காலியின் குறையா, கட்டடத்தின் குறையா? 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் விட்டுச் சாய்தளம் அமைத்தால் போதும். மாற்றுத்திறனாளிகள் எளிதில் புகுமாறு பொதுக் கட்டடங்களை அமைத்தலை இந்தியாவில் 2016 ஆம் ஆண்டுச் சட்டமும் கடமையாக்கியுள்ளது.

பழுது நீக்குவார் அருகில் இன்மையே எஞ்சிய பெருந்துன்பம். பெர்க்லி மாணவர்கள் இதனை முன்னரே உணர்ந்தனர். 1970 ஆம் ஆண்டில் அங்கே தம்மனையார்க்காக அவர்கள் தொடங்கிய அமைப்பு ஆற்றிய பணிகளுள் சக்கர நாற்காலிகளைச் செப்பனிடுதலும் ஒன்று.