மறைந்திருந்தது ஓவியமா, நம் கண்ணா?

2013ஆம் ஆண்டில் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம், பெய்ரூத் நகரப் பெண் ஓவியர் சல்வா ரவ்தா ஷுகைரின் படைப்புகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. 1916இல் பிறந்த அவர் அப்போது 96 வயதைக் கடந்திருந்தார். மறக்கப்பட்ட மேதையைக் கண்டெடுத்ததாகக் கலையுலகம் மகிழ்ந்தது. அச்சொல்தான் உள்ளத்தை உறுத்துகிறது. காணாமற்போன பொருளையன்றோ கண்டெடுப்பர்?

அவர் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. 1943இல் கெய்ரோவில் கண்ட இஸ்லாமியக் கட்டடக்கலை அவருக்கு வழிகாட்டிற்று. 1947இல் பெய்ரூத்திலேயே தம் அருவ ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அரபுலகின் முதல் அருவ ஓவியக் காட்சி என அதனைச் சுட்டுவர். 1948இல் பாரிசு சென்று ஃபெர்னான் லெஜேயின் கலைக்கூடத்தில் பயின்றார். தாயகம் மீண்டபின் சிற்பக்கலையிலும் ஈடுபட்டார். அரபுக் கவிதையின் ஒவ்வோர் அடியும் தனித்து நின்று பொருள் தரும். பிற அடிகளோடு சேர்ந்தும் பொலியும். அவ்வாறே தனித்தும் இணைந்தும் நிற்கும் பகுதிகளை அடுக்கிச் சிற்பங்கள் சமைத்து, அவற்றைக் கவிதைகள் என்றே அழைத்தார். நம் கண்ணிகளைச் சுவைத்தோர்க்கு இந்நயம் எளிதில் விளங்கும்.

ஆயினும் வாங்குவோர் அரியராயினர். படைப்புகள் இல்லத்திலேயே நிறைந்தன. லெபனான் உள்நாட்டுப் போரில் குண்டு வெடித்துச் சிதறிய கண்ணாடி, அவர்தம் ஓவியம் ஒன்றைத் துளைத்தது. இலண்டனில் அவ்வோவியம் வடுக்களோடே வைக்கப்பெற்றது.

நல்ல கலையைக் காலமே வெளிக்கொணரும் என்பர் சிலர். இக்கூற்று நமக்கு வசதியானது, உண்மையன்று. இங்குக் காலம் எதையும் கொணரவில்லை. அப்படைப்புகளைப் பேணி, அவற்றின் பெருமையை எடுத்துரைத்தவர் அவருடைய மகள். அருவ ஓவியம் மேலைநாட்டார்க்கே உரியது என்ற எண்ணமும், பெண்ணின் படைப்பைப் பொழுதுபோக்காகக் கருதும் வழக்கமும் நம் கண்களை மறைத்தன என்பதே என் கருத்து. புகழ் வந்து நான்கே ஆண்டுகளில், 2017இல், அவர் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! நும் இல்லங்களிலும் பாடல் புனைந்த பாட்டிமார் இருக்கலாம். துணியில் வண்ணநூலால் கோலம் படைத்த அன்னையர் இருக்கலாம். அவர்கள் வாழும்போதே அருகமர்ந்து கேளுங்கள், பெயரோடு எழுதிவையுங்கள். பெரியோர்களும் பழைய பெட்டிகளைத் திறந்து காட்டி இப்பணிக்குத் துணைநிற்க வேண்டும். பின்னாளில் கண்டெடுத்தோம் எனப் பெருமைகொள்வதினும், இன்றே கண்டு போற்றுதல் நன்று.