யாருடைய சீட்?

ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 2020இல், 64 வயதில், நீட் தேறி எம்பிபிஎஸ் சேர்ந்தார். ‘ஒரு சின்னப் பையனோட சீட்டு போச்சே’ என்ற புலம்பலை அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சீட்டை எந்தப் பையன் பேருக்கு பட்டா போட்டு வைத்திருந்தார்கள்?

அரசுக் கல்லூரியில் ஐந்தரை வருடம் படித்துவிட்டு லண்டனுக்கு விமானம் ஏறுகிறவரிடமோ, ஐஏஎஸ் எழுதப் போகிறவரிடமோ ‘எத்தனை வருஷம் வைத்தியம் பாப்பே?’ என்று நாம் கேட்டதில்லை. நரைத்த தலையைக் கண்டால் மட்டும் கணக்கு நோட்டைத் திறந்துவிடுகிறோம்.

பொதுப்பிரிவுக்கு 25 என்றிருந்த வயது உச்சவரம்பை 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கியது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்பவர்களே, இருபதில் கல்யாணம் பண்ணிவைத்து, பிள்ளைகள் படித்து முடித்து, நாற்பதில்தான் தனக்கென்று புத்தகம் திறக்கிற பெண் எப்போது வந்து பரீட்சை எழுதியிருக்க வேண்டும்? தேதி சொல்லுங்கள்.