பழைய யந்திரமும் புதிய தொழிலும்

மோட்டார் சைக்கிளைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று நேயர்களிற் சிலர் புருவத்தை நெறிக்கக்கூடும். தேச காரியங்கள் எத்தனையோ காத்திருக்க, வாலிபர்களின் வாகன மோகத்துக்கு இங்கே இடமேது என்றும் கேட்கக்கூடும். ஆனால் ஒரு கைத்தொழில் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு நசிக்கிறது, ஒரு தேசத்தார் கைவிட்டதை மற்றொரு தேசத்தார் எவ்வாறு எடுத்து வளர்க்கிறார்கள் என்பதை அறிய விரும்புவோருக்கு, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் உருவான ‘புல்லட்’ வண்டியின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அந்தப் பாடத்தைப் படிக்க இதுவே தருணம். ஏனெனில் மோட்டார் சைக்கிள் தொழில் மீண்டும் ஒரு பெரிய மாறுதலின் வாசலில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மகாபலிபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். புத்தம் புதிய வண்டிகளுக்கிடையே முப்பது, நாற்பது வயதான புல்லட்டுகளும், மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகளும் தத்தம் குரலில் முழங்கிக்கொண்டு செல்லும். இவற்றை வைத்திருப்போர் அனைவரும் செல்வந்தரல்லர். தகப்பனார் ஓட்டிய வண்டியை விற்க மனமின்றிக் காத்துவருபவர் பலர்; கிராமத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, புதுப்பேட்டைத் தெருக்களில் அலைந்து, பாகம் பாகமாகச் சேர்த்து உயிர்ப்பித்தவர் பலர். பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு வித்தை. டிகம்பிரஸர் பிடியை அழுத்தி, மெல்ல மிதித்து, ஆமீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் பிடியை விட்டு ஒரே உதை உதைக்க வேண்டும். முறை தவறினால் வண்டி கிளம்பாது. சில சமயம் திருப்பி உதைக்கவும் செய்யும். யந்திரத்தின் மனமறிந்து நடப்பவனுக்கே அது பணியும்.

இது வீண் பைத்தியம் என்பார் உளர். பொத்தானை அமுக்கினால் கிளம்பும் வண்டி இருக்க உதைப்பானேன்? குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடும் வண்டி இருக்க, எண்ணெய் சொட்டும் கிழட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? இக்கேள்விகள் நியாயமானவையே. உபயோகம் ஒன்றே அளவுகோலானால் பழைய வண்டி தோற்றுவிடும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இந்தப் பைத்தியம் இல்லாதிருந்தால், இன்று உலகமெங்கும் வண்டிகளை அனுப்பும் ஒரு பெருந்தொழில் தமிழ்நாட்டில் இருந்திராது. இதனைச் சரித்திரமே சொல்லட்டும்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊர் ஊசித்தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஊசி செய்துவந்த ஒரு கம்பெனியே சைக்கிள் தொழிலிற் புகுந்து, 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. என்பீல்டு என்னுமிடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்ததால் அதற்கு ராயல் என்பீல்டு என்ற பெயர் அமைந்தது. துப்பாக்கியின் தொடர்பால் வந்த பெயரே புல்லட் என்பதும். நமது தேசம் சுதந்தரம் பெற்றபின், எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி வேண்டுமென்று நமது ராணுவம் தேடியபோது, 350 சி.சி. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனை இறக்குமதி செய்துவந்த சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்பீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினர். 1962-க்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யலாயினர். ஏழாண்டுகளுக்குள் நமது தொழிலாளர் கற்றுத் தேர்ந்த வேகம் மெச்சத்தக்கது.

பின்னர் நடந்ததே விந்தை. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-இல் எஞ்சியிருந்ததும் ஓய்ந்தது. தாய் மாண்டது, சேய் பிழைத்தது. 1977-இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறிற்று. தங்கள் நாட்டில் அழிந்துபோன வண்டியை ஆசையோடு வாங்கியவர்கள் அந்நாட்டின் பழைய வண்டி அபிமானிகளே. கச்சாப் பொருளை வாங்கிக்கொண்டு முடிந்த சரக்கை நம் தலையில் கட்டிய காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இச்செய்தியின் சுவை விளங்கும்.

இங்கிலீஷ் கம்பெனிகள் ஏன் வீழ்ந்தன? திறமையின்மையாலன்று, இறுமாப்பினால். 1950-களில் உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனியாக விளங்கிய பி.எஸ்.ஏ., 1970-களின் தொடக்கத்தில் நிலைகுலைந்தது. டிரையம்ப் கம்பெனியின் மெரிடன் தொழிற்சாலையைத் தொழிலாளரே கூட்டுறவு முறையில் எடுத்து நடத்தியும் 1983-இல் மூடவேண்டி வந்தது. ஜப்பானியர் சிறு வண்டிகளோடு வந்தபோது, சிறு வண்டி அவர்களுக்கு, பெரு வண்டி நமக்கு என்று இவர்கள் பின்வாங்கினர். 1969-இல் ஹோண்டா கம்பெனி நான்கு சிலிண்டரும், பொத்தானால் கிளம்பும் வசதியும், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் உள்ள 750 சி.சி. வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பின்வாங்க இடமே இல்லாமற் போயிற்று. லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டு, தேய்ந்த யந்திரங்களைக் கொண்டே வேலை நடத்திய முதலாளிகளுக்குப் புதிய யந்திரம் வாங்க அப்போது வலுவுமில்லை, காலமுமில்லை.

இவ்விபத்து நமக்கும் நேரவிருந்தது. 1984-க்குப்பின் ஜப்பானியக் கூட்டுறவோடு 100 சி.சி. வண்டிகள் இங்கு பெருகியபோது பழைய கம்பெனிகள் தடுமாறின. 1960-இல் மைசூரில் தோன்றிய ஐடியல் ஜாவா 1996-இல் மூடப்பட்டது. 1994-இல் என்பீல்டு இந்தியாவை ஐச்சர் கம்பெனி எடுத்துக்கொண்ட பின்னரும் நஷ்டம் நிற்கவில்லை. 2000-இல் தொழிலை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்றே ஆலோசனை நடந்தது. அப்போது அதனைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, எக்குறையிருந்தும் புல்லட்டை விடாத அபிமானிகளின் பிடிவாதம். மற்றொன்று, அந்த அபிமானிகளே முணுமுணுத்தும் மாறுதலைச் செய்யத் துணிந்த நிர்வாகத்தின் உறுதி. வலப்பக்கம் இருந்த கியர் இடப்பக்கம் மாறிற்று. வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பதில் அலுமினிய எஞ்சின் வந்தது. இனி இது புல்லட்டே அன்று என்று புலம்பியவர் உண்டு. ஆனால் எண்ணெய் ஒழுகுவதும் வழியில் நிற்பதும் குறைந்தன. ஒரகடத்தில் 2013-இலும், வல்லம் வடகாலில் 2017-இலும் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. 2024-25 நிதியாண்டில் விற்ற வண்டிகள் பத்து லட்சத்தைத் தாண்டின.

இதிலிருந்து நாம் அறியத்தக்க நீதி யாது? பழமையைக் காப்பது உடையவனுக்கு அழகு. பழமையில் உறங்குவது செய்பவனுக்கு நாசம். வைத்திருப்பவனின் பற்றும் செய்பவனின் மாறுதலும் ஒன்றையொன்று தாங்கவேண்டும். பற்று மட்டுமிருந்தால் தொழில் கண்காட்சிச் சாலையில் முடியும். மாறுதல் மட்டுமிருந்தால் தொழிலுக்கு முகமே இராது. நாளை இன்னொருவன் மலிவாகச் செய்தால் வாங்குவோர் அவனிடம் போய்விடுவர்.

இன்று இங்கிலாந்தின் புகழ்பெற்ற பெயர்கள் பல நம்மவர் கையில் இருக்கின்றன. பி.எஸ்.ஏ. என்ற பெயரை 2016-இல் மஹிந்திரா குழுவினர் வாங்கினர். 1898-இல் தோன்றிய நார்ட்டன் கம்பெனியை 2020-இல் நமது டி.வி.எஸ். கம்பெனி ஒரு கோடியே அறுபது லட்சம் பவுனுக்கு வாங்கிற்று. ஹிங்க்லியில் மறுபிறவி எடுத்த டிரையம்ப், தனது 400 சி.சி. வண்டிகளைப் புனேக்கருகில் பஜாஜ் தொழிற்சாலையில் செய்விக்கிறது. இவற்றைக் கண்டு மகிழ்வது இயல்பே. ஆனால் மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெயரைப் பணத்தால் வாங்கலாம்; திறமையை வாங்க முடியாது. அந்நியனின் பழம்பெருமையை விலைக்கு வாங்கி நம் ஜனங்களுக்கு விற்பதே சுதேசியம் ஆகிவிடாது. திருவொற்றியூரில் பெட்ரோல் டாங்கின்மீது தங்கநிறக் கோட்டை அளவுகோலின்றித் தூரிகையால் இழுத்த கைகளே நமது உண்மையான சொத்து. அந்தக் கைகளின் வித்தை அடுத்த தலைமுறைக்குச் செல்கிறதா என்பதே கேள்வி.

இக்கேள்வி இப்போது அவசரமாகிவிட்டது. மின்சார யுகம் வாசலில் நிற்கிறது. இரண்டாவது மகாயுத்தத்தில் பாராசூட் படையினருக்கென்று செய்த சிறு வண்டியின் பெயரான ‘பிளையிங் பிளீ’ என்பதையே சூட்டி, ராயல் என்பீல்டு கம்பெனியார் ஒரு மின்சார மோட்டார் சைக்கிளை 2024 நவம்பரில் மிலான் நகரில் காட்சிக்கு வைத்தனர். இதனை நாம் வரவேற்கிறோம். நகரங்களின் காற்று நஞ்சாகிவரும் நாளில், புகையற்ற வாகனத்தை எதிர்ப்பது மெரிடன் முதலாளிகளின் வழியிற் செல்வதாகும். ஆனால் மின்சார வண்டியில் கார்புரேட்டர் இல்லை, கியர் இல்லை, டாப்பெட் சரிசெய்ய வேண்டுவதில்லை. தெருமுனைப் பட்டறையில் காதால் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லும் மெக்கானிக்குக்கு அதில் வேலை குறைவு. பள்ளிப் படிப்பு அதிகமின்றி, பன்னிரண்டு வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத் தொடங்கி, ஓர் எஞ்சினை முழுதும் பிரித்துப் பூட்டக் கற்றவர் அவர். அவருடைய அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவரோடு அது மறையுமானால் மீட்க வழியில்லை.

சட்டத்தின் நிலையையும் பார்ப்போம். 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றி மூலவடிவில் உள்ள வாகனங்களைப் புராதன வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். இது நல்ல ஏற்பாடே. ஆனால் 15 ஆண்டு கடந்து 50-ஐ எட்டாத வண்டியின் கதி என்ன? ஐந்தாண்டுக்கொரு முறை பரிசோதனைக்குக் கொண்டுசென்று பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, 20 ஆண்டைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2,000 ரூபாய். மைசூரில் கடைசியாக வெளிவந்த யெஸ்டி, புராதனம் என்ற கௌரவத்தைப் பெற 2046 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவற்றில் எத்தனை பழைய இரும்பாகிவிடும்? நமது சொந்தத் தொழில் உருப்பெற்ற காலத்து வண்டிகள் பல இந்த இடைவெளியிலேயே சிக்கியிருக்கின்றன.

ஆகவே நாம் மூன்று யோசனைகளைக் கூறுகிறோம். முதலாவது, 25 ஆண்டு கடந்து, தயாரிப்பும் நின்றுவிட்ட வண்டிகளுக்கென ஒரு தனி வகுப்பைச் சர்க்கார் ஏற்படுத்த வேண்டும். ஆண்டுக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை என்ற நிபந்தனையோடு அவற்றின் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். புகைப் பரிசோதனையில் தவறுபவற்றுக்குச் சலுகை வேண்டியதில்லை. இரண்டாவது, கம்பெனிகள் தங்கள் பழைய வண்டிகளின் வரைபடங்களைப் பாதுகாத்து, உதிரிப் பாகங்களைச் சிறு பட்டறைகள் செய்துகொள்ள அனுமதி அளிக்க வேண்டும். பழமையின் பெயரால் புது வண்டி விற்போருக்கு இக்கடமை உண்டு. மூன்றாவது, தொழிற் பயிற்சி நிலையங்கள் அனுபவமுள்ள மெக்கானிக்குகளை ஆசிரியராக அழைத்து, அவர்தம் அறிவை எழுத்திலேற்ற வேண்டும். மின்சார வண்டியின் வேலையை அவர்களுக்குக் கற்பிக்கவும் வேண்டும்.

அபிமானிகளுக்கும் ஒரு சொல். சைலென்ஸரை மாற்றி, நள்ளிரவில் வேட்டுச் சத்தத்தோடு தெருவைக் கலக்குவது அபிமானமன்று, அநாகரிகம். குழந்தையையும் நோயாளியையும் திடுக்கிட்டெழச் செய்பவன் தன் வண்டிக்கே எதிரிகளைத் தேடுகிறான். ஜனங்கள் வெறுக்கும் ஒன்றைச் சட்டம் நெடுநாள் சகித்திராது. தலைக்கவசமணிந்து, யந்திரத்தைச் சுத்தமாக வைத்து, தான் கற்றதை இளைஞன் ஒருவனுக்குக் கற்பிப்பவனே உண்மையான அபிமானி.

ரெட்டிச்சில் அணைந்த உலையின் நெருப்பைத் திருவொற்றியூர் காத்தது. பழைய நெருப்பைக் கொண்டே புதிய விளக்கை ஏற்றலாம் என்பதை நமது தொழிலாளர் உலகுக்குக் காட்டினர். அடுத்த மாறுதலிலும் அவர்கள் பின்தங்காதபடி பார்த்துக்கொள்வது சர்க்காரின் கடமை, முதலாளிகளின் கடமை, நம் அனைவரின் கடமை. தவறினால், இன்று நாம் இங்கிலீஷ் பெயர்களை விலைக்கு வாங்குவதுபோல், நாளை நம்முடைய பெயர்களை வேறொரு தேசத்தார் வாங்கிச் செல்வர்.