சர்க்கரை வியாதிக்கு லீவு கிடையாது

மில்லுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. நடவு முடிந்தால் வயலுக்கும் சில நாள் ஓய்வு உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இயந்திரங்கள்கூட நிற்கின்றன. ஆனால் உடம்பில் குடியேறிய சர்க்கரை வியாதிக்கு வார விடுமுறையும் கிடையாது, பண்டிகை லீவும் கிடையாது. காய்ச்சல் வந்தால் பத்து நாளில் போகிறது. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக் கொண்டு ஆறுகிறது. இது அப்படியல்ல. நம்மில் பெரும்பாலோருக்கு, வந்தால் ஆயுள் முழுவதும் கூடவே இருந்து தினம் தினம் கணக்குக் கேட்கிற வியாதி இது.

அந்தத் தினக் கணக்கைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். கண் போகும், சிறுநீரகம் கெடும், காலை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த நாள் வருவதற்கு முன்னால் பத்து வருஷம், இருபது வருஷம் அந்த வியாதியைச் சுமந்துகொண்டே ஷிப்டுக்குப் போய் வருகிற மனிதனும், களை எடுக்கிற பெண்ணும் படும் பாட்டை எந்தச் சுவரும் எழுதவில்லை.

இது யாருடைய வியாதி?

உட்கார்ந்து தின்பவர்களுக்கு வரும் வியாதி, பணக்கார வியாதி என்று நம் ஜனங்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். அந்தப் பேச்சு இனி செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருப்பதாக அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். அதாவது ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர். ஒரு லைனில் ஏழு பேர் நின்றால் அதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே ஆய்வின் ஒரு பகுதி 2017-இல் வெளிவந்தபோது இன்னொரு செய்தியையும் சொன்னது. தமிழ்நாட்டு நகரங்களில் வசதி படைத்தவர்களைவிட வசதியற்றவர்களிடம்தான் இந்த வியாதி அதிகம். அரிசி ரேஷனில் கிடைக்கிறது, வயிறு நிறைகிறது. பருப்பும் காய்கறியும் முட்டையும் கடையில் காசு கேட்கின்றன. இரவெல்லாம் விழித்து வேலை செய்து, பகலில் தகரக் கூரையின் கீழ் புரண்டு படுக்கிறோம். பரம்பரையும் சேர்ந்துகொண்டால் வியாதி வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

நேரம் யார் கையில்?

டாக்டர் சொல்லும் முதல் வார்த்தை: ‘வேளா வேளைக்குச் சாப்பிடு. வேளா வேளைக்கு மாத்திரை போடு.’ நல்ல வார்த்தைதான். ஆனால் வேளை நம் கையிலா இருக்கிறது? இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு. காலை மாத்திரை என்று சீட்டில் எழுதியிருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலை ஏழு மணிக்குப் படுக்கப் போகிறவனுக்கு எது காலை? அதைச் சீட்டு சொல்லவில்லை. கேட்பதற்கு வரிசையில் நேரமும் இல்லை.

மாத்திரை போட்டுவிட்டு, அல்லது இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். அனல் அடிக்கும் ஸ்பின்னிங் பகுதியில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது, யார் கண்டுபிடிப்பது? நூல் ஒட்டுகிற விரல் நடுங்குவதைப் பார்த்து, ‘குடித்துவிட்டு வந்திருக்கிறான்’ என்று மேஸ்திரி எழுதிவிட்டுப் போன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவனுக்கு அந்த மயக்கம் உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்வோம். பக்கத்தில் வேலை செய்யும் தோழருக்கு இப்படி ஆனால் உடனே உட்கார வைத்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து, தெளிந்த பின் சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வியாதி உள்ளவர்கள் மடியில் ஒரு பொட்டலம் சர்க்கரை வைத்திருப்பது நல்லது. சர்க்கரை வியாதிக்காரன் சர்க்கரையை முடிந்துகொண்டு திரிகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. அந்த அரை மணிக்குத் தொழிலாளர்கள் எத்தனை பாடுபட்டார்கள்! 2023 ஏப்ரலிலோ, வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரமாக்க வழிசெய்யும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று அது கைவிடப்பட்டது. வேலை நேரம் என்பது கூலிப் பிரச்னை மட்டுமல்ல. நம் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

இன்னொன்று, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் வரும். இரண்டு தடவைக்கு மேல் கக்கூசுக்குப் போனால் கணக்கெடுக்கிறார்கள். வயலிலோ ஒதுங்குவதற்கு மறைவிடமே கிடையாது. ஆகவே நம் பெண்கள் தாகத்தை அடக்கித் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள். வெயிலில் உடம்பு வற்றுகிறது, சிறுநீரகம் கெடுகிறது.

சேற்றில் நிற்கும் கால்

‘செருப்பில்லாமல் நடக்காதே’ என்கிறார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு யார் நாற்று நட முடியும்? பல வருஷம் சர்க்கரை இருந்தால் கால் மரத்துப்போகும். முள் குத்தினால் தெரியாது, நத்தை ஓடு கிழித்தால் தெரியாது. வலிக்காத புண்ணை யார் கவனிக்கிறார்கள்? புழுத்த பின்தான் பார்க்கிறார்கள். விரலில் ஆரம்பித்தது முழங்காலில் போய் முடிகிறது.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கு வீட்டில் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது, சுட்டாலும் தெரியாது. ஆணியை பிளேடால் சீவக் கூடாது. சிறு புண்ணானாலும் இரண்டு நாளில் ஆறத் தொடங்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இவையெல்லாம் செலவில்லாத காரியங்கள். ஆனால் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கொடுப்பது வேலை வாங்குகிறவரின் பொறுப்பு.

மருந்தும் கூலியும்

நியாயமாகப் பேசுவோம். சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று ஆரம்பித்து, வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் மாத்திரை இலவசம் என்பதால் வைத்தியம் இலவசமாகிவிடாது.

வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். அதன் பின் முடிவுக்குக் காத்திருந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்துவிடும். அன்றைய கூலி யார் தருவார்கள்? இ.எஸ்.ஐ. திட்டத்தில், நோய்வாய்ப்பட்டு டாக்டர் சான்று கொடுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. ஆனால் ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். காண்டிராக்டர் பேரேட்டில் இன்று இருந்து நாளை இல்லாமல் போகிறவனுக்கு அது எப்படிக் கிட்டும்? விவசாயத் தொழிலாளிக்கோ அந்தத் திட்டமே எட்டாது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். 1921-இல் கனடாவிலுள்ள டொரண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன் அதனால் பிழைத்தான். 1923-இல் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மனித குலத்துக்குச் சேர வேண்டிய மருந்து என்று நினைத்தார்கள். நூறு வருஷம் கழித்துப் பார்த்தால், எலி லில்லி, நோவோ நார்டிஸ்க், சனோஃபி என்ற மூன்று கம்பெனிகளின் கையில்தான் உலக இன்சுலின் வியாபாரத்தின் பெரும்பகுதி இருக்கிறது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, விலை கட்டாமல் ஊசி மருந்தைக் குறைத்துப் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகுதான் 2023-இல் அங்கே விலையைக் குறைப்பதாக மூன்று கம்பெனிகளும் அறிவித்தன. நம் நாட்டில் மனித இன்சுலின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதற்கு விலைக் கட்டுப்பாடு உண்டு. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த விடக் கூடாது.

மருந்து கிடைத்தாலும் வைப்பதற்கு இடம்? வெயில் பட்டால் இன்சுலின் வீரியம் இழக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், பாட்டிலைத் தண்ணீர் புகாத பையில் கட்டி, ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். ஃப்ரிட்ஜ் உள்ளவர்கள் ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் வீணாகிவிடும்.

குற்றவாளிக் கூண்டு

உடம்பு படும் கஷ்டத்தைவிட மனசு படும் கஷ்டம் பெரிது. கல்யாண வீட்டில் பாயசம் வருகிறபோது பந்தி முழுவதும் நம் இலையையே பார்க்கிறது. ‘உனக்கெதற்கு?’ என்று பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். வீட்டில் பிள்ளைகள் சோற்றை அளந்து பார்க்கின்றன. ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்ததும், ‘வாயைக் கட்டவில்லையா?’ என்று சத்தம் போடுகிறார்கள். மூன்று மாதச் சராசரி ஏழுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், ஒன்பது காட்டுகிறது. பட்டினி கிடந்தும் நடந்தும் ஏன் ஏறியது என்று நமக்கே விளங்குவதில்லை.

விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். காய்ச்சல் வந்தாலும் சர்க்கரை ஏறும். தூக்கம் கெட்டாலும், கடன்காரன் வாசலில் நின்றாலும் ஏறும். வருஷம் போகப் போக உடம்பு சுரக்கும் இன்சுலினே குறைந்துவிடுவதால், பழைய மாத்திரை போதாமல் போகும். இன்சுலினுக்கு மாறச் சொன்னால் அது நம் நடத்தைக்குக் கிடைத்த தண்டனை அல்ல. அந்த எண் ஒரு கோர்ட்டுத் தீர்ப்பல்ல. அடுத்து என்ன வைத்தியம் என்று டாக்டருக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான்.

இந்தச் சலிப்பில்தான் மோசடிக்காரன் உள்ளே நுழைகிறான். ‘வேரோடு குணம், நாற்பதே நாள்’ என்று சூரணம் விற்கிறான். சர்க்கரை வியாதியைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவன் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் பட்டபாடு போதும். இன்சுலின் இல்லாமல் வாழவே முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊசியை நிறுத்துவது கொலைக்குச் சமம்.

நம் வீட்டுப் பெண்களின் நிலை இன்னும் மோசம். எல்லோரும் சாப்பிட்ட பின் மீந்த சோற்றையும் ரசத்தையும் தின்று படுக்கிறவளுக்குப் பத்தியம் எங்கே? புருஷனுக்கு என்றால் கேழ்வரகுக் களி தனியாகக் கிண்டுகிறாள். தனக்கு என்றால் ஒரு அடுப்பு போதும் என்கிறாள். அவளுடைய ரத்தத்தைப் பிரசவ காலத்துக்குப் பிறகு யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

என்ன கேட்போம்?

எட்டாத வானத்தை நாம் கேட்கவில்லை.

1. சர்க்கரை வியாதி உள்ளவர்களை, அவர்கள் விரும்பினால், ஷிப்ட் மாற்றாமல் ஒரே ஷிப்டில் வைக்க வேண்டும். அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

2. மாதம் ஒரு முறை பரிசோதனைக்குப் போக அரை நாள் சம்பளத்துடன் லீவு வேண்டும்.

3. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு மாலையாவது, வேலை முடிந்த பின் வருகிறவர்களுக்கு வைத்தியம் நடக்க வேண்டும்.

4. மில் கேண்டீனில் சோற்றோடு காய்கறியும் சுண்டலும் மலிவாகக் கிடைக்க வேண்டும். 2023-இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் தொடங்கியது போல், விரும்புகிறவர்களுக்கு எல்லா மாவட்ட ரேஷன் கடைகளிலும் கேழ்வரகு தர வேண்டும்.

5. இன்சுலின் போடுகிறவர்களுக்கு வீட்டில் சோதிக்கும் கருவியும் அதற்கான ஸ்ட்ரிப்பும் சர்க்கார் கொடுக்க வேண்டும்.

6. வருஷத்துக்கு ஒரு முறை கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பெண்களைத் தேடிப்போய்ச் சோதிக்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு முதலில் வியாதியை மறைப்பதை விட வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கழிவறைக்குள் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு மில்லிலும் இருக்கிறார்கள். தனித்தனியாக மறைத்தால் தனித்தனியாகத்தான் விழுவோம். அடுத்த சங்கக் கூட்டத்தில், ‘யார் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு கை தயங்கி உயரும். பிறகு பல கைகள் உயரும். அந்தக் கைகளை எண்ணிக்கொண்டு போய் நிர்வாகத்திடம் பேசுவோம்.