பாடகிக்குப் பாட்டு வேண்டும்

2023ஆம் ஆண்டு டிசம்பரில், ஜீ தமிழ்த் தொலைக்காட்சியின் ‘சரிகமப’ சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்து அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா முதலிடம் பெற்றார் என்ற செய்தி வந்தபோது, இக்குடாநாட்டில் சங்கீதம் பயிற்றுகின்ற நம் அனைவருக்கும் உண்டான ஆனந்தம் சாமானியமானதன்று. அதே தொடரில் மலையகத்துப் புசல்லாவையிலிருந்து சென்ற அசானியும் தமது குரலால் இரு நாட்டு ரசிகர்களின் அபிமானத்தைச் சம்பாதித்தார். ஆயினும் இச்சிறுமியர் அம்மேடையில் பாடியவை பெரும்பாலும் சென்னைத் திரையுலகம் முன்னமே பிரசித்தமாக்கிய கீதங்கள். போட்டியின் நியதி அது, குழந்தைகளைக் குறைகூற இடமில்லை. மகுடம் சூடிய பின் அக்குரல் எதைப் பாடி வளரப்போகிறது என்பதையே, வித்துவான்களும் ஆசிரியர்களும் மெட்டமைப்போருமாகிய நம் வாசகரிடம் கேட்க விரும்புகிறோம்.

விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. அறுபதுகளின் பிற்பகுதியிலே, உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், யாழ்ப்பாணத்து ஊர்ப்பேச்சையே சாகித்தியமாகக் கொண்டு, மாமியின் மகளைத் தேடி நிற்கும் இளைஞனையும் கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாமென்று மன்றாடும் மனத்தையும் கித்தார் இசையோடு பாடத் தொடங்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட தாளமோ, போர்த்துக்கேயர் காலத்துக் கலப்பிலே பிறந்து, வோலி பஸ்ரியன் முதலியோரால் சிங்கள மக்களிடையே வேரூன்றிய பைலாவின் தாளம். ஆறு அட்சரங்களாய் எண்ணி, மும்மூன்றாய் ஊன்றி நடக்கும் அந்த நடை, நமது திஸ்ரத்துக்கு நெருங்கிய உறவு. காவடிச் சிந்துக்கு அடியெடுத்துவைத்துப் பழகிய கால்களுக்கு அது அந்நியமாய்த் தோன்றவில்லை. மெட்டின் சஞ்சாரம் சிறிது, பல்லவி ஒருமுறை கேட்டமாத்திரத்தில் நாவில் நிற்பது என்பவற்றைக் கண்டு, இதனைக் கேளிக்கையென்று தள்ளியவர் நம் துறையில் இருந்தனர். பேச்சின் இயல்பான அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கேயே தாளத்தின் அடியும் விழும்படி அவர் அமைத்த இசைவு எத்துணை அருமையானதென்பதை, ஒரு பாலபாடத்துக்காகிலும் புதிதாய்ச் சாகித்தியம் இயற்ற முயன்றவர் அறிவர். பொப் இசையென்றும் துள்ளிசையென்றும் வழங்கிய அப்பாடல்களை இலங்கை வானொலி ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. அவரோ பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

அவ்வழியிலேயே வந்து பெரும் கீர்த்தி அடைந்தவர் ஏ. ஈ. மனோகரன். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று ரசிகர்கள் அவரை அழைத்தனர். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ என்னும் ஈழத்துத் திரைப்படத்தில் அவர் நடித்ததையும் நினைவிற்கொள்ளவேண்டும். அவர் பாடிய ‘சுராங்கனி’ என்னும் பாட்டு கடல் கடந்து சென்றதன் சரித்திரத்தை, இத்துறையில் ஜீவனம் செய்ய விரும்பும் ஒவ்வோர் இளம் பாடகரும் ஊன்றிப் படிக்கவேண்டும். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற சென்னைப் படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் அது இடம்பெற்றபோது, அங்கே ஒலித்தது மலேசியா வாசுதேவனின் சாரீரம். மனோகரனைச் சென்னைத் திரையுலகம் பிற்பாடு வரவேற்றது உண்மையே. எனினும், பாடகராக அன்றி, பெரும்பாலும் வில்லன் வேடத்துக்குரிய நடிகராகவே வரவேற்றது. 2018 ஜனவரி 22ஆம் தேதி சென்னையில் அவர் காலமானபோதும், ஜனங்கள் நினைவுகூர்ந்தது அவர் இலங்கையிலே பாடிய பாட்டுக்களையே. அவருடைய தொழிலுக்கு ஆதாரமாயிருந்தது சொந்தப் பாட்டு என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமோ?

இந்த விஷயத்தில் நமது பொறுப்பு பெரிது. வட இலங்கைச் சங்கீத சபை 1931ஆம் ஆண்டுமுதல் இயங்கிவருகிறது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தேர்ந்த சாரீரங்கள் நம்மிடையே உருவாவதற்கு இவற்றின் உழைப்பே காரணமென்பதை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் அந்தச் சாரீரங்களுக்குக் கீர்த்தனையும் திரைப்பாட்டும் போக, இம்மண்ணின் சீவியத்தைச் சொல்லும் புதுப்பாட்டு எத்தனை கொடுத்தோம்? காத்தவராயன் கூத்தின் சிந்துநடை மெட்டுக்கள் இன்னும் ஊர்களில் உயிரோடிருக்கின்றன, நடிகமணி வி. வி. வைரமுத்து இசை நாடகமேடையில் நிறுத்திய பாடல்முறையும் நினைவிலிருந்து அகலவில்லை. புகையிலைத் தோட்டமும் துலாக்கிணறும், மயிலிட்டிக் கரையின் வலையும், பிள்ளைகள் புலம்பெயர்ந்துபோன வீடுகளும் சாகித்தியகர்த்தாவின் வருகைக்குக் காத்திருக்கின்றன.

இன்னொன்றையும் ஆசிரியர்களுக்குச் சொல்லியாகவேண்டும். வளர்ந்த பாடகியின் சுருதியில் பதிவான திரைப்பாட்டை, போட்டிக்காக அதே சுருதியில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தொண்டையில் நாள்தோறும் ஏற்றுவது, அச்சாரீரத்தின் பிற்கால ஆயுளைக் குறைக்கும் காரியம். தனக்கென எழுதப்பட்ட பாட்டாயின், அப்பிள்ளையின் குரலே சுருதியை நிர்ணயிக்கும். குரல் மாறும் பருவத்தில் மெட்டைத் தாழ்த்தவும் மாற்றவும் மெட்டமைத்தவர் அருகிலேயே இருப்பார்.

ஆகவே, அடுத்த இதழ்முதல் இளங்குரல்களுக்கென அமைந்த புதிய பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு பிரசுரிக்க நிச்சயித்திருக்கிறோம். மந்தர நிஷாதத்துக்குக் கீழும் தார காந்தாரத்துக்கு மேலும் போகாத மெட்டுக்களாயிருத்தல் நலம். சிந்துநடையைத் தழுவியவற்றுக்கு முதலிடம் அளிக்கப்படும். சாகித்தியகர்த்தாவின் பெயரையும் மெட்டமைத்தவர் பெயரையும் தனித்தனியே குறித்து அனுப்பும்படி அன்பர்களை வேண்டுகிறோம்.