பால்சா மரத்தில் பெரிய விமானம்: ஆசைப்படுங்க, ஆனா இஎம்ஐ-ல வேண்டாம்



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனதும், சின்ன வயசு ஆசை ஒண்ணு மெதுவா எட்டிப் பார்க்கும். சிலருக்கு பைக், சிலருக்கு கேமரா. இன்னும் சிலருக்கு, ரிமோட்டில் பறக்கிற பெரிய விமானத்தைத் தானே மரத்தில் கட்டிப் பறக்க விடணும்னு ஆசை. நடிகர் அஜித்குமாருக்கு ஏரோமாடலிங்கில் ஈடுபாடு உண்டு, 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகராவும் இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும்.

இந்த ஆசையைச் சொன்னா வழக்கமா வர்ற பதில் என்ன? "அந்தக் காசை எஸ்ஐபி-ல போடு." என் கருத்து வேற. இந்தச் செலவு தப்பில்லை. ஆனா எந்த வரிசையில் செலவு பண்றீங்க என்பதில்தான் எல்லாமே இருக்கு.

"பெருசு"ன்னா எவ்வளவு பெருசு?

பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய அமெரிக்க விமானத்தை எடுத்துக்கலாம். நிஜ விமானத்தின் இறக்கை நீளம் சுமார் 10.7 மீட்டர். அதை நாலில் ஒரு பங்கா கட்டினா 2.7 மீட்டர் வரும். எடை 7, 8 கிலோ ஆகலாம். பொதுவா 20 சிசி அல்லது அதுக்கு மேல் உள்ள பெட்ரோல் இன்ஜின் போடுவாங்க.

இங்கே ஒரு கணக்கைப் புரிஞ்சுக்கணும். நீளம், அகலம், உயரம் மூணும் ரெண்டு மடங்கானா, பரப்பு 4 மடங்கு, கன அளவு 8 மடங்கு. இன்ஜின், சர்வோ, சக்கரம், மேலே ஒட்டும் ஃபிலிம் எல்லாம் அதுக்கேத்த மாதிரி வளரும். "சின்னதுக்கு 15,000 ஆச்சு, பெருசுக்கு 30,000 ஆகும்"னு நினைச்சு இறங்கினா பட்ஜெட் பாதியிலேயே உடைஞ்சிடும்.

மரம் லேசு, பார்சல் லேசில்லை

பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருது. காற்றாலை இறக்கைகளுக்கும் இதே மரம் போறதால, அந்தத் தொழிலில் தேவை ஏறினா விலையும் ஏறும்.

வெளிநாட்டிலிருந்து கிட் வாங்குறவங்க கவனிக்க வேண்டியது கூரியர் கணக்கு. விமானத்தில் வரும் பார்சலுக்கு நிஜ எடை, பெட்டியின் அளவு ரெண்டில் எது அதிகமோ அதுக்குத்தான் பில். 120 x 30 x 20 செ.மீ. பெட்டின்னா, பெருக்கி 5,000-ஆல் வகுத்தா 14.4 கிலோ. உள்ளே இருக்கிறது 5 கிலோவா இருந்தாலும் 14.4 கிலோவுக்குக் கட்டணும். சுங்க வரியும் பொருளின் விலைக்கு மட்டும் இல்லீங்க, அனுப்பும் செலவையும் சேர்த்துதான் போடுவாங்க. அதனால வரைபடம் மட்டும் வாங்கி, மரத்தை இங்கேயே வாங்கி வெட்டுறது பல நேரம் மலிவு.

எஸ்ஐபி கணக்கு சரிதான், ஆனா பாதிக் கணக்கு

உதாரணத்துக்கு, மாசம் 5,000 வீதம் 20 மாசம், மொத்தம் 1 லட்சம் செலவுன்னு வைப்போம். அந்த 1 லட்சம் வருஷம் 12% வளர்ந்தா 20 வருஷத்தில் சுமார் 9.6 லட்சம் ஆகும். 12% யாரும் உறுதி தர்றதில்லை, ஆனாலும் இந்த இழப்பு உண்மை. அதை மறைக்க வேண்டாம்.

இப்போ மறுபாதியைப் பாருங்க. வாரம் 6 மணி நேரம் உட்கார்ந்தா, 20 மாசத்தில் ஏறக்குறைய 520 மணி நேரம். அதாவது மணிக்கு 190 ரூபாய் சொச்சம். ஞாயித்துக்கிழமை மாலுக்குப் போய் சினிமா, பாப்கார்ன், பார்க்கிங்னு ஆகுற செலவோட ஒப்பிட்டுப் பாருங்க. அதுவும் ரெண்டு மணி நேரம் போனைத் தொடாம ரிப் வெட்டி ஒட்டுற நிம்மதிக்கு எக்செல் ஷீட்டில் காலம் கிடையாது.

அதே 1 லட்சத்துக்கு, கட்டி முடிச்சு ஃபிலிம் ஒட்டியே வர்ற ரெடிமேட் விமானம் வாங்கினா? 25 மணி நேரத்தில் பூட்டி முடிச்சிடுவீங்க. மணிக்கு 4,000 ரூபாய். அடுத்து என்ன வாங்கலாம்னு மனசு தேட ஆரம்பிச்சிடும்.

இஎம்ஐ ஏன் கூடாது?

1 லட்சத்தை 15% வட்டியில் 12 மாச கார்டு இஎம்ஐ போட்டா, மாசம் சுமார் 9,026. வட்டி மட்டும் 8,300-க்கு மேல். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி தனி. முதல் மாசமே விமானம் தரையில் மோதினா என்ன ஆகும்? விமானம் நொறுங்கிடும். இஎம்ஐ நொறுங்காது, இன்னும் 11 மாசம் நிக்கும்.

மரத்தில் கட்டுறவங்களுக்கு இந்தக் கடன் தேவையே இல்லை. வேலையே மெதுவாத்தான் நடக்கும், பணமும் மெதுவாத்தான் தேவைப்படும். முதல் ரெண்டு மாசம் வால் பகுதி. கொஞ்சம் மரம், பசை, கத்தி போதும். அப்புறம் இறக்கை. அப்புறம் உடல். அப்புறம் ஃபிலிம். இன்ஜினும் ரிசீவரும் கடைசியில். வால் கட்டும்போதே சலிச்சுப்போச்சா? உங்க நஷ்டம் சில ஆயிரத்தோட நின்னுடும். இன்ஜினை முதல்ல வாங்கி அலமாரியில் வைக்கிற தப்பை மட்டும் பண்ணிடாதீங்க.

இன்னொண்ணு. பொருட்களை ரெண்டா பிரிங்க. மோதினா போகக்கூடியது: மரம், ஃபிலிம், ப்ரொப்பெல்லர். பெரும்பாலும் தப்பிக்கிறது: இன்ஜின், சர்வோ. கையிலேயே இருக்கிற டிரான்ஸ்மிட்டருக்கு மோதலே கிடையாது, அடுத்த விமானத்துக்கும் அதுதான். முதல் வகையில் சிக்கனம் பாருங்க, டிரான்ஸ்மிட்டரில் பார்க்காதீங்க.

தொடங்கும் முன் நாலு கேள்வி

1. ஆறு மாச அவசர நிதி இருக்கா? டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தாச்சா? இல்லைன்னா விமானம் காத்திருக்கட்டும்.

2. சின்ன ஃபோம் விமானத்தில் ஏறி இறங்கப் பழகியாச்சா? லேப்டாப் சிமுலேட்டரில் நூறு முறை மோதினாலும் செலவு பூஜ்யம்தான்.

3. எங்கே வைப்பீங்க? இறக்கையை ரெண்டா கழட்டினாலும் ஒவ்வொண்ணும் 1.35 மீட்டர். நாலு பேர் தங்குற ரூமில் அது பிழைக்காது.

4. எங்கே பறக்க விடுவீங்க? 2021 ட்ரோன் விதிகளில், பொழுதுபோக்குக்காக, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறக்கிற 25 கிலோ வரையிலான மாடல்களுக்கு டைப் சர்டிபிகேட் தேவையில்லை. ஆனா வான் மண்டலக் கட்டுப்பாடு உண்டு, நானோ வகையைத் தவிர மற்றதுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேணும். சென்னையில் மீனம்பாக்கம் ஒரு பக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம் ஒரு பக்கம். நினைச்ச மைதானத்தில் விட முடியாது. 8 கிலோ விமானம் ஒருத்தர் மேல விழுந்தா, அந்த நஷ்டத்தை எந்த எஸ்ஐபியும் ஈடுகட்டாது.

நாலுக்கும் "ஆமா, பார்த்துட்டேன்"னு சொல்ல முடிஞ்சா, தயங்காம ஆரம்பிங்க. எஸ்ஐபி-க்கான காசு சம்பளத் தேதியிலேயே போகட்டும். விமானத்துக்குன்னு தனியா ஒரு சேமிப்புக் கணக்கு வச்சு, அதில் இருக்கிற பணத்துக்கு மட்டும் மரம் வாங்குங்க. கணக்கு காலியா? அந்த மாசம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையைப் பாருங்க. அதுக்கு செலவே இல்லை, நேரமும் நல்லாப் போகும்.