கல்லூரி வாசலும் ஊர் ஜனமும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பிரசங்கம் கேட்க வருகிறவரிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. துண்டை விரித்து உட்கார வேண்டியதுதான்.

இப்போது நம்மூர்க் கல்லூரி விழாக்களைப் பாருங்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, வருகைப் பதிவேட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் மாணவர்கள். கோலியனூர் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருப்பவருக்கு உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவரைக் கூப்பிடவும் இல்லை.

அமெரிக்காவில் மென்னோனைட் என்றொரு சிறு கிறிஸ்தவப் பிரிவு இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரால் வந்தது. போரில் ஆயுதம் எடுக்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. கான்சாஸில் பெத்தல், இண்டியானாவில் கோஷன் என்று சின்னச் சின்ன ஊர்களில் கல்லூரி நடத்துகிறார்கள். 1960-ல் இந்த இரண்டு கல்லூரிகளுக்கும் மார்ட்டின் லூதர் கிங் வந்து நிறவெறி ஒழிப்பு பற்றிப் பேசினார். புகழ்பெற்ற வாஷிங்டன் உரைக்கு மூன்று வருடம் முன்பு! நாடே அந்தப் பிரச்சினையில் பிளந்து கிடந்த நேரம் அது. அப்போதுதான் கூப்பிட்டார்கள்.

இதே சபையின் இன்னொரு பல்கலைக்கழகம் வர்ஜீனியாவில் இருக்கிறது. சமாதானம் செய்துவைப்பதை அங்கே ஒரு படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள். அங்கே படித்த லைபீரியப் பெண் லேமா போவீக்கு 2011-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

நமக்கு இதெல்லாம் புதிதா? இல்லை. 1943 பிப்ரவரியில் சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணம் பற்றி அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் வாதம் செய்தார்கள். அடுத்த மாதமே சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடு இன்னொரு வாதம். கொளுத்த வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. கல்லூரி மண்டபம் இடிந்து விழவில்லை. தமிழ்நாட்டுக்கு ஒரு விவாதம் கிடைத்தது.

சரி, இதில் அவசரம் என்ன என்று கேட்கலாம். விழுப்புரம் அருகே மேல்பாதியில் 2023-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அதிகாரிகள் பலமுறை அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தியும் பலன் இல்லை. அந்த ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு, கடைசியில் 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடுதான் தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. அடையாள அட்டை கேட்காத இடத்தில் சாதி கேட்கிறார்கள்!

அமைதிப் பேச்சுவார்த்தை என்பது சண்டை வந்தபிறகு அதிகாரி முன்னால் உட்காருவது. அதற்குள் இரண்டு பக்கமும் மனசு இறுகிவிடும். சண்டை இல்லாத நாளில் பேசிப் பழக ஓர் இடம் வேண்டும். கோயில் திடலில் முடியாது, அங்கேதான் பிரச்சினையே. கட்சி மேடையிலும் முடியாது. ஊரும் காலனியும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் நம் பக்கத்தில் கல்லூரி வகுப்பறைதான்.

வெளியாட்களை விட்டால் கலாட்டா வரும், அரசியல் நுழையும் என்று நிர்வாகங்கள் பயப்படலாம். நியாயமான பயம்தான். அதற்காக வாசலைப் பூட்டினால் கலாட்டா குறையப் போவதில்லை, தெருவில் நடக்கும், அவ்வளவுதான். ஒரே கூட்டத்தில் சாதி ஒழிந்துவிடும் என்றும் யாரும் சொல்லவில்லை. கிங் பேசியதால் மட்டும் அமெரிக்கா திருந்திவிடவில்லையே.

செலவும் பெரிதில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரு மைக், ஒரு பேச்சாளர், கேள்வி கேட்க அரைமணி நேரம். பொன்னாடை வேண்டாம். முதல் கேள்வியைக் கூட்டுரோட்டு டீக்கடைக்காரர் கேட்கட்டும்.